பேஸ்பால் கேட்சர்: டெல்டா மைதானங்களில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி பக்கத்துப் பள்ளிகளில் பேஸ்பாலும் சாஃப்ட்பாலும் ஆடுகிற பிள்ளைகள், வரப்போரம் நின்று பார்க்கிற பெற்றோர்கள், புதிதாக அணி சேர்க்கும் உடற்கல்வி ஆசிரியர்கள் எல்லோரும் பேட்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்தைப் பிடிக்கிற கேட்சரைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதியிருக்கிறேன். எளிதானவை முதலில் வரும். விதிகளில் சிக்கலானவை கடைசியில்.

கேட்சர்னா நம்ம கிரிக்கெட் கீப்பர்தானே சார்?

நிற்கிற இடம் ஒன்றுதான், வேலை வேறு. கீப்பருக்கு இரண்டு கையிலும் கிளவுஸ். கேட்சருக்கு ஒரு கையில் மட்டும் மிட் என்கிற பருத்த தோல் கையுறை, இன்னொரு கை எறிவதற்காக வெறுமையாக இருக்கும். வேகப்பந்து வந்தால் கீப்பர் பின்னால் போய்விடலாம். கேட்சர் எந்த வேகத்துக்கும் பேட்டரின் முதுகை ஒட்டியே உட்கார வேண்டும். பந்தை எறிகிற பிட்சர் நிற்கும் இடத்திலிருந்து, பேட்டர் பக்கத்தில் தரையில் பதித்திருக்கும் ஹோம் பிளேட்டுக்கு 18.44 மீட்டர்தான், கிரிக்கெட் பிட்சை விடக் குறைவு. பந்தும் தரையில் குத்தாமல் நேராக வரும்.

பெரிய வித்தியாசம் இன்னொன்று. அடுத்து எந்தப் பந்து, எந்த இடத்துக்கு என்று பிட்சருக்குச் சொல்வது கேட்சர். மற்ற எட்டுப் பேரும் அவருக்கு முன்னால்தான் நிற்கிறார்கள், மைதானம் முழுக்க அவர் கண்ணெதிரே இருக்கிறது. யார் இடம் மாறி நிற்கிறார், பேட்டர் அடித்துவிட்டு ஓடிச் சேரும் மூன்று பேஸ்களில் நிற்கிற எதிரணி ரன்னர் எப்போது அடுத்ததற்கு நழுவப் பார்க்கிறார் என்பதை அவர் கத்திச் சொல்லாவிட்டால் வேறு யாரும் சொல்லப்போவதில்லை.

குண்டா இருக்குற பையனைத்தான் பின்னாடி உட்கார வைப்பாங்களாமே?

தெருவில் ஆடும்போது அப்படித்தான் செய்கிறோம். ஓட முடியாதவனைப் பின்னால் தள்ளிவிடுவது. அணி என்று வந்துவிட்டால் அது சரிப்படாது. அமெரிக்காவின் பெரிய லீக்கில் 1951, 1954, 1955 என மூன்று முறை ஆண்டின் மிகச் சிறந்த வீரர் விருது வாங்கிய கேட்சர் யோகி பெரா. அவர் உயரம் ஐந்தடி ஏழு அங்குலம்தான்.

நான் பார்ப்பது மூன்று விஷயம். மட்டை சுழலும்போது கண்ணை மூடாமல் இருக்கிறாரா, கால் வேகமாக நகர்கிறதா, வாய் திறந்து பேசுகிறாரா. மூன்றாவதற்குத்தான் என்னிடம் மதிப்பெண் அதிகம். வகுப்பில் பேசிப் பேசித் திட்டு வாங்கும் பிள்ளையை முதலில் உட்கார வைத்துப் பாருங்கள்.

எவ்வளவு பின்னாடி உட்காரணும்? மட்டை தலையில பட்டுடாதா?

கையை முன்னே நீட்டினால் பேட்டரின் பின்பக்க முழங்கையை ஏறக்குறையத் தொடுகிற தூரம். மட்டைக்குப் பயந்து ஒரு கஜம் தள்ளி உட்காருகிற பிள்ளைகள்தான் அதிகம். தள்ளி உட்கார்ந்தால் பந்து இன்னும் கீழே இறங்கி வரும். நல்ல பந்துகூடத் தரையில் குத்திவிடும், தாழ்வான ஸ்ட்ரைக்கை (அடிக்கத்தக்க எல்லைக்குள் வந்த, அல்லது பேட்டர் வீசித் தவறவிட்ட பந்து; மூன்று சேர்ந்தால் அவர் அவுட்) அம்பயர் தரமாட்டார்.

ரொம்ப முன்னே போனாலும் ஆபத்து. மிட் மட்டையில் பட்டால் அது கேட்சரின் குறுக்கீடு, பேட்டர் சும்மா முதல் பேஸுக்குப் போய்விடுவார். சில பேட்டர்கள் அடித்து முடித்ததும் ஒரு கையை விட்டு மட்டையைப் பின்னால் வீசுவார்கள். அப்படிப்பட்டவர் வந்தால் அரையடி பின்னால் நகரலாம். தலைக்கவசம் இருப்பதே அதற்குத்தான்.

கிரிக்கெட் பேடும் கீப்பிங் கிளவுஸும் வீட்டுல கிடக்கு. அதை வெச்சு ஓட்டிடலாமா?

அப்டமன் கார்டு மட்டும் ஓடும். அதைப் பெட்டியிலிருந்து எடுத்து வையுங்கள், அது இல்லாமல் பயிற்சியில்கூட உட்காரக் கூடாது. மற்றது எதுவும் வேண்டாம். கிரிக்கெட் பேடைக் கட்டிக்கொண்டு குந்தி உட்கார்ந்து எழ முடியாது, கால்விரலையும் அது முழுக்க மூடாது. கீப்பிங் கிளவுஸில் இந்தப் பந்தைப் பிடித்து உடனே எறிய முடியாது. கிரிக்கெட் ஹெல்மெட் தொண்டையைத் திறந்தே விடுகிறது.

பேஸ்பால் 142 முதல் 149 கிராம் எடை. மட்டையில் உரசித் திசை மாறி வரும்போது கையை எடுக்கக்கூட நேரமிருக்காது. ஒவ்வொரு கவசமும் யாரோ அடிபட்டுப் பார்த்த பிறகு வந்ததுதான். முகத்துக்கு மாஸ்க் 1870களில் வந்தது. கால் கார்டை ரோஜர் பிரெஸ்னஹன் என்ற கேட்சர் 1907இல் பெரிய லீக்கில் கட்டி இறங்கியபோது கூட்டம் கேலி செய்தது. 1976இல் ஸ்டீவ் யேகர் என்ற கேட்சர் அடுத்து ஆடக் காத்திருந்தபோது உடைந்த மட்டைத் துண்டு கழுத்தில் பாய்ந்தது. தொண்டைக்கு முன் தொங்குகிற அந்தச் சின்னத் தகடு அதற்குப் பிறகு வந்தது.

பணம் கொஞ்சம்தான் என்றால் தொண்டைத் தகடுள்ள மாஸ்க்கும் ஹெல்மெட்டும் முதலில், பிறகு மிட், பிறகு மார்புக் கவசம், கால் கார்டு. நான்கும் சேராதவரை வேகமாக எறியும் பிட்சரை அந்தப் பிள்ளை பிடிக்க வேண்டாம்.

ஐப்பசி மழையில மிட் பூஞ்சை புடிச்சுப் போச்சு. என்ன பண்றது?

பள்ளி ஸ்டோர் ரூமில் மூட்டைக்குள் போட்டுக் கட்டினால் பூஞ்சை பிடிக்காமல் என்ன செய்யும்? பழைய வேட்டித் துணியால் துடைத்து, உள்ளே செய்தித்தாள் திணித்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் போட்டால் தோல் விறைத்து வெடிக்கும். காய்ந்ததும் நடுவில் ஒரு பந்தை வைத்துக் கயிற்றால் கட்டி வைத்தால் வடிவம் கெடாது. மார்புக் கவசம், கால் கார்டுகளின் பட்டைகளை அவ்வப்போது சோப்புத் தண்ணீரில் அலசலாம். ஒரே செட்டை நான்கு பேர் போடுகிற இடங்களில் படை வருவது அந்தப் பட்டைகளால்தான்.

உட்கார்ந்து உட்கார்ந்து பிள்ளைக்கு முட்டி போயிடாதா?

அம்மாக்கள் தவறாமல் கேட்கிற கேள்வி இது. குதிகால் பதியக் குந்தி உட்காருவது நம் பிள்ளைகளுக்குப் பழக்கம்தான், ஆனால் அந்த நிலையிலிருந்து திடீரென்று எழவோ பக்கவாட்டில் பாயவோ முடியாது. கேட்சருக்கு இரண்டு இருக்கை உண்டு. சைகை காட்டும்போது சாவகாசமாகத் தாழ்ந்து உட்காருவது ஒன்று. பந்து வரும்போது கால்களை அகட்டி, இடுப்பைச் சற்று உயர்த்தி, எடையை உள்பாதத்தில் வைத்துத் தயாராக இருப்பது இன்னொன்று. இப்போது பெரிய ஆட்டக்காரர்கள் பலர் ஒரு முட்டியைத் தரையில் ஊன்றியே உட்காருகிறார்கள். பிள்ளைகளுக்கும் அதைத் தாராளமாகச் சொல்லிக் கொடுக்கலாம்.

முட்டியைக் கெடுப்பது பெரும்பாலும் ஆட்டம் அல்ல, பயிற்சி. பிட்சர் கை பழகும் நேரமெல்லாம் கேட்சர் குந்தியே இருக்கத் தேவையில்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்து பிடிக்கட்டும். வளர்கிற வயதில் முட்டிச் சில்லுக்குக் கீழே வலித்துப் புடைத்தால் கேட்சர் வேலையை நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். தைலம் தேய்த்து மறுநாளே உட்கார வைக்காதீர்கள்.

தரையில குத்தி வர்ற பந்தை எப்படிப் பிடிக்கிறது? எனக்கு வரவே மாட்டேங்குது.

பிடிக்காதே. அதுதான் பதில். கீப்பராக இருந்த பிள்ளைகளுக்கு இதை மறக்க வைப்பதே பெரும் பாடு. பந்து குத்தினால் அவர்கள் கை தானாக அதைத் தேடிப் போகும். மடை உடைந்தால் தண்ணீரைக் கையால் அள்ளிக்கொண்டிருக்க மாட்டோம் அல்லவா, மண்ணை வெட்டிப் போட்டு வாயை அடைப்போம். இங்கேயும் அடைப்புத்தான், உடம்பு முழுக்க அடைப்பு.

இரண்டு முட்டியும் ஒரே நேரத்தில் தரையில் விழ வேண்டும். மிட் கால்களுக்கு நடுவே மண்ணைத் தொட்டபடி, வெறுங்கை மிட்டின் பின்னால். தாடை மார்பில் ஒட்டியிருக்க வேண்டும். தலையைப் பக்கவாட்டில் திருப்பினால் கவசமில்லாத இடம் பந்துக்கு எதிரே வரும். தோள்களை முன்னால் வளைத்து மூச்சை விட்டு உடம்பைத் தளர்த்தினால், பந்து மார்பில் பட்டு முன்னாலேயே விழுந்து கிடக்கும். விறைத்து நின்றால் பத்தடி தெறிக்கும். பக்கவாட்டில் வரும் பந்துக்கு அந்தப் பக்கம் சறுக்கி, வெளித்தோளை ஹோம் பிளேட் பக்கம் திருப்ப வேண்டும், பந்து உள்ளே விழும்படி.

நம் மண் இதை இன்னும் கடினமாக்குகிறது. சம்பா அறுத்த பிறகு தை, மாசியில் வயலிலேயே கோடு போட்டு ஆடுகிறோம். வண்டல் மண் காயக் காய வெடிக்கும், அறுத்த தாள் குத்திக்கொண்டு நிற்கும். வெடிப்பின் ஓரத்தில் பட்ட பந்து எந்தப் பக்கம் கிளம்பும் என்று பிரம்மாவுக்கும் தெரியாது. ஹோம் பிளேட்டைச் சுற்றிப் பத்தடிக்காவது தாளைச் செதுக்கி, தண்ணீர் தெளித்து, திமிசு போட்டுவிடுங்கள். மழைக்குப் பிறகு நேர்மாறு, பந்து எழும்பாமல் வழுக்கிக்கொண்டு கால் நடுவே போய்விடும். அப்போது மிட் முந்தித் தரைக்குப் போக வேண்டும்.

பழகும்போது டென்னிஸ் பந்து போதும். கைகளைப் பின்னால் கட்டச் சொல்லி மார்பால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். பயம் போனபின் கை தானாக இடத்துக்கு வரும்.

விரல்ல அடிபடாம இருக்க வழி இருக்கா?

வெறுங்கையை மறைப்பதுதான் வழி. பேஸில் ரன்னர் இல்லாதபோது அந்தக் கை கணுக்காலுக்குப் பின்னால். ரன்னர் இருந்தால் மிட்டுக்குப் பின்னால், கட்டைவிரலை உள்ளே மடக்கி. ஒரு காலத்தில் இரண்டு கையாலும்தான் பிடித்தார்கள், பழைய கேட்சர்களின் விரல்கள் கோணிக் கிடந்தது அதனால்தான். 1960களின் கடைசியில் ஜானி பெஞ்ச் என்ற பெரிய லீக் கேட்சர் ஒற்றைக் கையால் பிடித்துக் காட்டிய பிறகு அது பரவியது.

அடிபட்டுவிட்டால் விரலைப் பிடித்து இழுத்துவிடாதீர்கள். மைதானத்தில் யாராவது ஒருவர் அதைச் செய்ய ஓடிவருவார், தடுத்துவிடுங்கள். ஐஸ் வைத்து, எக்ஸ்ரே எடுத்த பிறகு கட்டு.

பொம்பளப் புள்ளைக்கு மூஞ்சில அடிபட்டா என்ன சார் பண்றது?

ஆண்பிள்ளைக்கு அடிபட்டால் என்ன செய்வோமோ அதுதான். மேலே சொன்ன கவசம் முழுதாக இருந்தால் முகம் பத்திரம். சாஃப்ட்பால் பெயரில்தான் மென்மை. சுமார் 30 சென்டிமீட்டர் சுற்றளவும் 178 முதல் 198 கிராம் எடையும் கொண்ட கெட்டிப் பந்து, பேஸ்பாலை விடக் கனம்.

மூக்குத்தி, தோடு, கொலுசு கழற்றிவிட வேண்டும். உச்சியில் கொண்டை போட்டால் ஹெல்மெட் உட்காராது, கழுத்தோரம் தாழ்வாகப் பின்னிவிடுங்கள். பெண்களுக்கென்று அளவெடுத்த மார்புக் கவசம் தனியாக விற்கிறது, அதைக் கேட்டு வாங்குங்கள்.

விரலைக் காட்டிச் சைகை பண்றாங்களே, அது என்ன கணக்கு?

வழக்கமாக ஒரு விரல் என்றால் வேகப்பந்து, இரண்டு என்றால் வளைபந்து. மற்றவை அணிக்கு அணி மாறும். வலது தொடையின் உள்பக்கம் காட்ட வேண்டும், மிட் இடது முட்டியை மறைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாவது பேஸ் பக்கம் நிற்கிற எதிரணிப் பயிற்சியாளர் படித்துவிடுவார். இரண்டாவது பேஸில் ரன்னர் இருந்தால் அவருக்கு எல்லாம் தெரியும். அப்போது நான்கைந்து சைகை காட்டி, அதில் இரண்டாவதுதான் நிஜம் என்பதுபோல் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். மாலை மங்கலில் விரல் தெரியவில்லை என்றால் நகத்தில் வெள்ளைச் சாயம் பூசலாம், மருதாணி தூரத்தில் எடுபடாது. அமெரிக்காவில் 2022 முதல் பொத்தானை அழுத்தினால் பிட்சரின் தொப்பிக்குள் குரல் கேட்கும் கருவி வந்துவிட்டது. நமக்கு விரல் போதும்.

ரன்னர் ரெண்டாவது பேஸுக்கு ஓடிடறான். என் பந்து போய்ச் சேரவே மாட்டேங்குது.

பேஸ்பாலில் ஹோம் பிளேட்டிலிருந்து இரண்டாவது பேஸ் 38.8 மீட்டர். பந்து மிட்டில் பட்டதிலிருந்து அங்கே போய்ச் சேரப் பெரிய லீக் கேட்சர்களுக்கே சுமார் 2 வினாடி ஆகிறது. பதினான்கு வயதுப் பிள்ளையிடம் அதை எதிர்பார்க்க முடியாது. ஒரு குத்துக் குத்தி நேராகப் போகட்டும், தலைக்கு மேலே பறந்து சென்டர் ஃபீல்டுக்குப் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

கையைவிடக் காலில்தான் நேரம் வீணாகிறது. பந்து வந்து சேரும்போதே வலது கால் நகர ஆரம்பித்திருக்க வேண்டும். மிட்டைக் காதோரம் கொண்டுவந்து அங்கே பந்தை மாற்ற வேண்டும், பந்தைத் தேடி மிட்டுக்குள் விரல் துழாவக் கூடாது. இன்னொன்று: ரன்னர் இப்படி அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவதைத் திருட்டு என்போம், அதில் பாதி பிட்சர் கொடுப்பது. அவர் காலைத் தூக்கி நிதானமாக எறிந்தால் உலகத்தில் எந்தக் கேட்சராலும் பிடிக்க முடியாது. சாஃப்ட்பாலில் தூரம் சுமார் 26 மீட்டர்தான், பிட்சர் கையை விட்டுப் பந்து கிளம்பும்வரை ரன்னர் பேஸை விட்டு நகரவும் கூடாது.

மிட்டை நகர்த்தி அம்பயரை ஏமாத்துறது தப்பில்லையா?

ஸ்ட்ரைக்கை ஸ்ட்ரைக் மாதிரி காட்டுவதுதான் வேலை. ஓரத்தில் வரும் பந்தைப் பிடிக்கும்போது மிட் வெளியே அடித்துக்கொண்டு போனால், உள்ளே வந்த பந்தும் வெளியே போனதுபோல் தெரியும். மணிக்கட்டை உறுதியாக வைத்து, பந்து வந்த இடத்திலேயே நிறுத்துங்கள். ஒரு முழம் வெளியே போனதை இழுத்து நடுவில் வைத்துக் காட்டினால் அம்பயருக்குக் கோபம்தான் வரும், அடுத்த நல்ல பந்தும் போய்விடும். தென்கொரியாவின் லீக்கில் 2024 முதல் ஸ்ட்ரைக்கா இல்லையா என்பதைக் கருவியே சொல்கிறது, அங்கே இந்த வித்தைக்கு வேலையில்லை.

அம்பயரிடம் சந்தேகம் கேட்பதானால் திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்தபடியே மெதுவாகக் கேளுங்கள். திரும்பினால் அது ஊருக்கே தெரிகிற சண்டை.

பிட்சர் பதறி அழுவுற மாதிரி ஆயிட்டா நான் என்ன பேசறது?

மாஸ்க்கைக் கழற்றிவிட்டு நடந்து போ. முகம் தெரிய வேண்டும். ஓடிப் போனால் அவருக்குப் படபடப்பு கூடும். "ஒழுங்கா போடுடா" என்பதை மட்டும் சொல்லாதே, ஒழுங்காகப் போடத்தான் அவரும் முயல்கிறார். "இந்த ஆளு உசரப் பந்தைத்தான் அடிக்கிறான், என் முட்டியைப் பார்த்துப் போடு" என்று செய்யக்கூடிய ஒன்றைச் சொல். ஒன்றும் தோன்றவில்லையா, மதியம் என்ன சாப்பாடு என்று கேள். மூச்சு சீராகும்வரை நேரம் கடத்துவதும் வேலைதான்.

அதைவிட முக்கியம், பந்து தாறுமாறாக வரும்போது நீ காட்டுகிற சலிப்பு. தோளைக் குலுக்குவது, பந்தை வெறுப்பாகத் திருப்பி எறிவது எல்லாம் பிட்சர் கண்ணில்தான் முதலில் படும். ஒவ்வொரு பந்தையும் அவர் மார்புக்கு நேரே திருப்பிப் போடு. நீ எத்தனை பேரை அவுட் ஆக்கினாய் என்பதைவிட, உன்னை நம்பித் தாழ்வான பந்து போட பிட்சருக்குத் தைரியம் வருகிறதா என்பதை வைத்துத்தான் நான் கேட்சரை எடை போடுவேன். நீ அடைத்துவிடுவாய் என்று தெரிந்தால்தான் அவர் அதைப் போடுவார்.

சித்திரை வெயில்ல இவ்வளவையும் மாட்டிக்கிட்டு ஆட முடியுமா?

காலை ஒன்பது மணிக்குள் முடியுங்கள், இல்லாவிட்டால் மாலை நான்கரைக்கு மேல். தன் அணி பேட்டிங் செய்யும்போது கேட்சர் மார்புக் கவசத்தையும் ஹெல்மெட்டையும் கழற்றிவிட்டு நிழலில் இருக்க வேண்டும். கழுத்தில் ஈரத்துண்டு. தாகம் எடுக்கும்வரை காத்திராமல் ஒவ்வொரு இன்னிங்ஸ் முடிவிலும் குடிக்கட்டும். உப்புப் போட்ட நீர்மோர், நீராகாரம், ஓஆர்எஸ் எதுவானாலும் சரி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் காற்றில் ஈரம் அதிகம், வியர்வை காயாது. வெயில் குறைவு போல் தெரிந்தாலும் உடம்பு சீக்கிரம் சூடேறிவிடும்.

தலைவலி, குமட்டல் என்றால் அன்றைக்கு ஆட்டம் போதும். பேச்சு குழறினாலோ நிலை தெரியாமல் நடந்தாலோ அது ஆபத்து. கவசத்தைக் கழற்றி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, உடனே ஆஸ்பத்திரி.

என் பையன் நல்லா பிட்சிங்கும் போடுவான். ரெண்டையும் பண்ணட்டுமே?

ஒரே நாளில் வேண்டாம். பிட்சருக்கு அடுத்து அதிகம் எறிவது கேட்சர்தான், ஒவ்வொரு பந்தையும் திருப்பிப் போடுகிறாரே. அமெரிக்காவில் சிறுவர்களுக்கான லிட்டில் லீக்கில் நான்கு இன்னிங்ஸ் கேட்சராக இருந்தவர் அன்றைக்கு பிட்சிங் போடக் கூடாது. 41 பந்து போட்டவர் அன்றைக்கு கேட்சராக உட்காரக் கூடாது. இங்கே யாரும் எண்ணுவதில்லை. ஒரு நோட்டில் எண்ணி வையுங்கள்.

இடதுகைக்காரர் கேட்சர் ஆகக் கூடாதாமே?

விதி ஒன்றும் இல்லை. மூன்றாவது பேஸிலிருந்து வரும் ரன்னர் கேட்சரின் இடப்பக்கம் வருவார். வலக்கையால் எறிபவருக்கு மிட் அந்தப் பக்கமே இருக்கும், இடக்கையால் எறிபவர் அவரைப் பந்தோடு தொட்டு அவுட் ஆக்க உடம்பைத் திருப்ப வேண்டும். அதனால் பெரிய லீக்கில் மிக அபூர்வம், 1989இல் பென்னி டிஸ்டெஃபானோ என்ற இடதுகைக்காரர் சில ஆட்டங்கள் உட்கார்ந்தார். பள்ளி அளவில் தாராளமாக ஆடலாம். வலக்கையில் மாட்டும் மிட் கிடைப்பதுதான் கஷ்டம்.

ஹோம் பிளேட்டை அடைச்சு நின்னா ரன்னர் எப்படி வருவான்?

ரன் எடுக்க ஹோம் பிளேட்டுக்கு வருகிற ரன்னரின் பாதையை, பந்து கையில் இல்லாமல் அடைக்கக் கூடாது. 2011இல் பஸ்டர் போஸி என்ற கேட்சர் மீது ரன்னர் மோதி அவர் கீழ்க்கால் எலும்பு முறிந்தது, கணுக்கால் தசைநாரும் கிழிந்தது. பெரிய லீக்கில் 2014இல் விதியை மாற்றினார்கள்: ரன்னர் வேண்டுமென்று மோதக் கூடாது, கேட்சரும் வழி விட வேண்டும். பிளேட்டுக்கு முன்னால் நின்று, பந்து வந்த பிறகு திரும்பித் தொடப் பழக்குங்கள்.

நேரா மேல போன பந்து கடைசி நேரத்துல கைவிட்டு நழுவுது. ஏன்?

மட்டையின் மேல்விளிம்பில் பட்ட பந்து பின்னோக்கிச் சுழன்றுகொண்டே ஏறும். முதலில் பின்பக்கம் போவதுபோல் போக்குக் காட்டி, இறங்கும்போது மைதானத்தின் பக்கம் வளைந்து வரும். ஆகவே மைதானத்துக்கு முதுகு காட்டி நில், பந்து உன் மேலேயே வளைந்து வரும். மாஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள். பந்து எங்கே என்று தெரிந்த பிறகு எதிர்ப்பக்கம் தூக்கி எறி. முதலிலேயே எறிந்தால் அதையே மிதித்து விழுவாய்.

மூணு ஸ்ட்ரைக் ஆன பிறகும் பேட்டர் ஓடுறான், அம்பயர் ஒண்ணும் சொல்லல. அது எப்படி?

மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் தரையில் படாமல் பிடித்தால்தான் பேட்டர் அங்கேயே அவுட். நழுவவிட்டாலோ, குத்தி வந்ததைப் பிடித்தாலோ பேட்டர் ஓடலாம். ஒரு நிபந்தனை: முதல் பேஸ் காலியாக இருக்க வேண்டும், அல்லது ஏற்கெனவே இரண்டு பேர் அவுட் ஆகியிருக்க வேண்டும். முதல் பேஸில் ஆள் இருந்து இரண்டுக்குக் குறைவாக அவுட் என்றால் பேட்டர் உடனே அவுட், ஓடிப் பயனில்லை. அமெரிக்கப் பெரிய லீக்கின் இறுதித் தொடரான 1941 உலகத் தொடரின் நான்காவது ஆட்டத்தில், புரூக்ளின் 4-3 என்று முன்னிலையில் இருக்க, கடைசி இன்னிங்ஸில் இரண்டு பேர் அவுட் ஆன பிறகு மூன்றாவது ஸ்ட்ரைக்கை அந்த அணியின் கேட்சர் மிக்கி ஓவன் நழுவவிட்டார். பேட்டர் முதல் பேஸுக்கு ஓடிவிட்டார். எதிரணி யாங்கீஸ் அங்கிருந்து 7-4 என்று ஜெயித்தார்கள்.

சரி, பேஸ் மூணுலயும் ஆளு, ரெண்டு அவுட், மூணாவது ஸ்ட்ரைக் குத்திடுச்சு. பந்து என் முன்னாடியே கிடக்கு. முதல் பேஸுக்கு எறியணுமா?

எறியாதே. பேட்டர் ஓடக் கடமைப்பட்டவர் ஆகிவிட்டதால் மற்ற மூவரும் நகர்ந்தே ஆக வேண்டும். மூன்றாவது பேஸ் ரன்னர் ஹோமுக்கு வந்தாக வேண்டும். அவருக்கு முன் பந்தை எடுத்து ஹோம் பிளேட்டை மிதித்தால் அவர் மூன்றாவது அவுட், இன்னிங்ஸ் முடிந்தது. பந்து தூரமாகத் தெறித்திருந்தால் பிட்சர் ஓடிவந்து பிளேட்டில் நிற்க வேண்டும், அவருக்குக் கொடு. பேஸ்கள் நிறையாதபோது மட்டும் முதல் பேஸ். அப்போதும் பேட்டர் ஓடும் கோட்டுக்கு உள்பக்கமா வெளிப்பக்கமா எறியப்போகிறாய் என்று முதல் பேஸ்காரருக்குக் கத்திச் சொல்லிவிட்டு எறி, இல்லாவிட்டால் பந்து பேட்டரின் முதுகில் பட்டு வேறெங்கோ போய்விடும்.